தலைவாசல் சாவி யார் கையில்? - ஒரு பூட் லோடர் புராணம்

செட்டிநாட்டு வீடு பாத்திருக்கீங்களா மக்களே? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு உள்ளே போய்க்கிட்டே இருக்கும். வளவைச் சுத்தி வரிசையா அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒண்ணு, தனிப் பூட்டோட. ஆனா தலைவாசல் ஒண்ணுதான். அந்தச் சாவி யார்கிட்டங்கறதுலதான் பாதி பங்காளிச் சண்டையே :-)

பழைய கணினிகளின் வன்தகடும் அப்படித்தான். முதல் 512 பைட்டுதான் தலைவாசல், பேர் எம்பிஆர். அதில் துவக்க நிரலுக்கு 446 பைட்டு, பகுதி அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2. உள்ளே எத்தனை இயங்குதளம் குடியிருந்தாலும், அந்த 446 பைட்டில் கடைசியாக எழுதியவருக்குத்தான் சாவி.

இது எனக்குப் புரிந்த கதை கொஞ்சம் அசிங்கமானது. 2007 தை மாசம். காரைக்குடியில் எங்க அம்மானுக்குப் பாத்திரக்கடை. கடைக் கணினியில் எக்ஸ்பி, அதுக்குள்ள மொத்தக் கடன் கணக்கு. லினக்ஸ் காட்டறேன் பேர்வழின்னு என்னோட வன்தகட்டை அதில் இரண்டாவதா மாட்டி, என் தகட்டில் மட்டும் நிறுவினேன். அவர் தகட்டைத் தொடவே இல்லை (அப்படின்னு நினைச்சேன்!). ராத்திரி என் தகட்டைக் கழட்டிக்கிட்டு வந்துட்டேன்.

காலையில் போன். "தம்பி, பெட்டியில என்னமோ எர்ரர் 21-ன்னு வருதேப்பா. கல்யாணச் சாமான் எடுத்தவுக கணக்கு முடிக்க வந்து நிக்கிறாக!"

நடந்தது இதுதான். நிறுவி லினக்ஸை என் தகட்டில் வைத்தது; ஆனால் கிரப்பின் முதல் துண்டை முதல் தகட்டின் எம்பிஆரில் எழுதிவிட்டது. அந்தத் துண்டு தன் மிச்சத்தை இரண்டாவது தகட்டில் தேடுது. அது என் வீட்டுல தூங்குது. எர்ரர் 21-க்கு அர்த்தமே 'நீ சொன்ன தகடு இங்கே இல்லை' என்பதுதான். கணக்கு பத்திரமா உள்ளே இருக்கு, வாசல்தான் திறக்கலை.

சரி, ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கலை? அதுக்குத்தான் கொஞ்சம் வரலாறு.

90களின் தொடக்கத்தில் வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ, கெர்னல் தகட்டில் எந்த இடத்தில் இருக்குன்னு முகவரியைக் குறிச்சு வச்சுக்கும். கெர்னலை மாத்திட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தா போச்சு. 1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப்போ கோப்பமைப்பையே படிக்கும், மெனுவிலேயே திருத்தலாம். 2001-இல் ரெட் ஹாட் 7.2 கிரப்பையே இயல்புத் தேர்வாக்கியது. அந்தக் கால நிறுவிகள் 'எம்பிஆரிலா, லினக்ஸ் பகுதியின் முதல் செக்டாரிலா?' என்று கேட்டுவிட்டுத்தான் எழுதும். 2005-இல் வந்த டெபியன் சார்ஜும் எம்பிஆரில் எழுதும் முன் அனுமதி கேட்டது.

ஆனா புதுசா வர்றவருக்கு அந்தக் கேள்வி புரியுமா? தப்பா பதில் சொன்னா கணினியே கிளம்பாது. பெரும்பாலானோரிடம் இருப்பது ஒரே தகடு. அதனால் எளிய நிறுவிகள் கேள்வியை மறைத்தன. 2006 ஜூனில் உபுண்டு 6.06 லைவ் சிடியிலிருந்தே நிறுவும் வசதியைத் தந்தது. பிந்தைய பதிப்புகளில் பூட் லோடர் இடத்தை மாற்ற, கடைசித் திரையில் ஒரு சின்ன 'அட்வான்ஸ்டு' பொத்தான். 2013 ஜனவரியில் ஃபெடோரா 18-இன் புது நிறுவி, பகுதியின் முதல் செக்டாரில் எழுதும் தேர்வையே எடுத்துவிட்டது. விண்டோஸ் நிறுவியோ, எம்பிஆர் காலத்தில் கேட்டதே கிடையாது. நேரா வந்து பூட்டை மாத்திட்டுப் போயிடும்.

நம்மூர்க் கதையும் உண்டு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நிறுவியின் கேள்விகளைப் பார்க்காமலேயே, துவக்க மெனுவை மட்டும் சந்தித்த பிள்ளைகள் அவர்கள்.

பிறகு யுஇஎஃப்ஐ வந்தது. ஒரு பொதுப் பகுதி, அதில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி அடைவு. வாசலில் சாவிக்கொத்து மாட்டி வச்ச மாதிரி. பிரச்சினை தீர்ந்துச்சா? உபுண்டுவின் பழைய நிறுவியில், இரண்டாவது தகட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் தகட்டின் பொதுப் பகுதியிலேயே எழுதும் வழு பல வருஷம் இருந்தது. அதே எர்ரர் 21 கதை, புது வேஷத்தில்!

கேள்வியை மறைப்பது தப்பில்லைங்க. செய்ததை மறைப்பதுதான் தப்பு. 'இந்தத் தகட்டின் வாசலில் எழுதப் போகிறேன்' என்று ஒரு வரி பளிச்சுன்னு தெரிஞ்சிருந்தா, நான் அன்னைக்கே அம்மானோட தகட்டைக் கழட்டி வச்சிருப்பேன். இப்பவும் நிறுவறதுக்கு முன்னாடி நான் செய்யறது அதுதான்: எழுதக்கூடாத தகட்டின் கேபிளை உருவிடுவேன்.

அன்னைக்கு எக்ஸ்பி சிடி தேடிப் பிடித்து, ரெக்கவரி கன்சோலில் ஃபிக்ஸ்எம்பிஆர் அடிச்சு, கடை கிளம்பும்போது மணி மூணு. அம்மான் திட்டவே இல்லை. காபி வாங்கிக் கொடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாக:

"உள்ள எந்த அறையில வேணா இருந்துக்கப்பா. தலைவாசல் பூட்டை மாத்துனா மட்டும் வீட்ல ஒரு வார்த்தை சொல்லிரு."

எந்த நிறுவி எழுதுறவருக்கும் இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

பி.கு: கடன் கணக்குக்கு இப்போ ரெண்டு பேக்கப் இருக்கு. ஒண்ணு பேனா பிடிச்சு எழுதின பேரேடு!