'ஸெ-கா' முதல் 'ஜூபிடர்' வரை: ஒரு சோவியத் லென்ஸின் அடையாளம்

பழைய சோவியத் லென்ஸ்களில் சேகரிப்பாளரை அதிகம் குழப்புவது, முன்வளையத்தில் 'ஸெ', 'கா' என்ற இரண்டே ரஷ்ய எழுத்துகளைப் பெயராகத் தாங்கிய 5 செ.மீ. லென்ஸ். முதல் எழுத்து எண் 3 போலவே இருப்பதால், ரஷ்ய மொழி அறியாதவர் அதை மாதிரி எண் என்று கொள்வதுண்டு. உண்மையில் அது 'சொன்னார்' என்ற ஜெர்மன் பெயரின் ரஷ்ய முதலெழுத்து. அடுத்தது மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் நகரைக் குறிப்பது. இரண்டும் சேர்ந்தால் 'கிராஸ்னகோர்ஸ்க் சொன்னார்'.

சொன்னார் லென்ஸை வடிவமைத்தவர் லுட்விக் பெர்டெலே. 1932-இல் வெளிவந்த காண்டாக்ஸ் கேமராவுக்கென ஸைஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1.5 துளையளவு கொண்ட வகையில் ஏழு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடிக்கு மேற்பூச்சு வராத காலம் அது. காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி எதிரொளித்துப் படம் வெளிறும். மூன்று தொகுதிகளில் அத்தகைய பரப்புகள் ஆறுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஸைஸ் ஆலைகள் இருந்த டிரெஸ்டனும் யேனாவும் சோவியத் கட்டுப்பாட்டில் இருந்தன. போர் இழப்பீடாகக் காண்டாக்ஸ் தயாரிப்பு கீவ் நகரின் அர்செனால் ஆலைக்கும், லென்ஸ் தயாரிப்பு கிராஸ்னகோர்ஸ்க் இயந்திர ஆலைக்கும் சென்றன. முதல் 'ஸெ-கா' லென்ஸ்களில் ஜெர்மன் கண்ணாடியே பயன்பட்டது. 1950-ஐ ஒட்டிப் பெயர் மாறியது: 1.5 துளையளவு கொண்டது ஜூபிடர்-3, 2 துளையளவு கொண்டது ஜூபிடர்-8. ஜெர்மன் கண்ணாடி இருப்புக் குறைந்ததும் உள்நாட்டுக் கண்ணாடிக்கேற்பக் கணக்குகள் திருத்தப்பட்டன. ஜூபிடர்-3 தயாரிப்பு பின்னர் ஸகோர்ஸ்க் ஆலைக்கும், அங்கிருந்து வல்தாய் ஆலைக்கும் போனது.

கையில் கிடைத்த லென்ஸ் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதற்குப் பெயர் வளையம் பலவீனமான சாட்சி. அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். ஜூபிடர் லென்ஸ்கள் 'கார்ல் ஸைஸ் யேனா' என்ற பொறிப்போடு விலைபோவது இப்படித்தான். வளையத்தில் வாசற்கால் போன்ற சிவப்பு எழுத்து இருந்தால், அது மேற்பூச்சுக்கான ரஷ்யச் சொல்லின் முதலெழுத்து. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும். 56 என்று தொடங்கினால் 1956. 'ஸெ-கா' காலத்துக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. பட்டகத்தினூடே ஒளிக்கதிர் செல்லும் சின்னம் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையுடையது.

பெரிய பொறி மரையில் இருக்கிறது. ஸோர்க்கி, ஃபெட் ஆகிய தூரமானிக் கேமராக்களுக்கும் தொடக்ககால ஸெனித் கேமராவுக்கும் ஒரே 39 மி.மீ. மரைதான். ஆனால் பொருத்துப் பரப்பிலிருந்து ஃபிலிமுக்குள்ள தூரம் முன்னவற்றில் 28.8 மி.மீ.; ஸெனித்தில் 45.2 மி.மீ. ஸோர்க்கிக்கான ஜூபிடர்-3 ஸெனித்திலும் சிக்கலின்றித் திருகி ஏறும். ஏறியபின் கைக்கெட்டும் தூரத்துப் பொருள் மட்டுமே தெளியும்; அதற்கப்பால் எல்லாம் மங்கல். லென்ஸ் பழுது என்று ஒதுக்கப்படுபவற்றில் சில இந்த 16.4 மி.மீ. வித்தியாசத்துக்குப் பலியானவை. கீவ் கேமராவுக்கானவற்றில் இந்த மரையே இராது. காண்டாக்ஸின் கொக்கிப் பொருத்துதான் அவற்றில் இருக்கும்.