வெள்ளை யானையை இரண்டு முறை விற்றவர்

1914 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி, வேர்ல்டு சீரிஸ் என்னும் இறுதித் தொடரின் நான்கு ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றது. வென்றது பாஸ்டன் பிரேவ்ஸ். அந்த ஆண்டு ஜூலையில் தன் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த அணி. எதிரே நின்ற அத்லெட்டிக்ஸோ 1910, 1911, 1913 என மூன்று பட்டங்களைப் பெட்டியில் வைத்திருந்தது. தோல்வி எந்த அணிக்கும் வரும். அதன் பிறகு மேனேஜர் கானி மேக் செய்த காரியம்தான் ஊரைத் திகைக்க வைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக அணியையே காலி செய்தார். அடுத்த ஆண்டு அத்லெட்டிக்ஸ் தோற்ற ஆட்டங்கள் 109. அதற்கடுத்த ஆண்டு 117.

இப்போது இதற்கு 'ரீபில்ட்' என்று ஒரு மரியாதையான பெயர் இருக்கிறது. இருப்பதை இடித்து, இளைஞர்களைச் சேர்த்து, சில ஆண்டுகள் அடிவாங்கிப் பிறகு எழுவது திட்டம். மேக்கின் காலத்தில் அதை விற்பனை என்றுதான் சொன்னார்கள்.

மேக்கின் முழுப் பெயர் கார்னீலியஸ் மெகில்லிகடி. 1862இல் மாசசூசெட்ஸில் ஓர் ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கேட்சராக ஆடியவர். 1901இல் அத்லெட்டிக்ஸ் தொடங்கியபோது மேனேஜர் ஆனார். 1950 வரை, ஐம்பது பருவங்கள், அந்த நாற்காலியை விடவில்லை. மற்ற மேனேஜர்கள் வீரர்களைப் போலவே சீருடையில் வர, இவர் கோட்டும் டையும் விறைத்த காலருமாக பெஞ்சில் உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்கோர் அட்டையை அசைத்தே ஃபீல்டர்களை நகர்த்துவார். அரை நூற்றாண்டு நீடித்த ரகசியம் எளிது: அணியில் அவருக்கும் பங்கு உண்டு. தன்னைத்தானே வேலையிலிருந்து நீக்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அணியின் சின்னம் வெள்ளை யானை. நமக்கு வெள்ளை யானை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்திரனின் ஐராவதம். தீனி போட்டு மாளாத சொத்து என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ரா 1902இல் கேலி செய்தது இந்த இரண்டாவது பொருளில்தான். அத்லெட்டிக்ஸில் பணத்தைக் கொட்டும் முதலாளி பென் ஷைப் ஒரு வெள்ளை யானையைக் கட்டி அழப்போகிறார் என்றார். மேக் கோபித்துக்கொள்ளாமல் அந்த யானையையே அணிக்குச் சின்னமாக்கினார். அதே ஆண்டு லீக் பட்டமும் வென்றார்.

மேக் தன் முதல் பெரிய அணியைக் கட்டிய விதம் அந்நாளில் புதுமை. பேஸ்பால் ஆடுபவர்கள் படிப்பை விட்ட முரடர்கள் என்ற பேர் இருந்தபோது, அவர் கல்லூரி வாசல்களில் ஆள் தேடினார். எடி காலின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார். ஜாக் பேரி ஹோலி கிராஸ் கல்லூரியிலிருந்து. பழங்குடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் பள்ளியில் படித்தவர், பந்து எறியும் பிட்சரான சார்லஸ் பெண்டர். காலின்ஸ், பேரி, ஸ்டஃபி மெக்கின்னிஸ், ஃபிராங்க் பேக்கர் ஆகிய நால்வரையும் பத்திரிகைகள் 'லட்சம் டாலர் இன்ஃபீல்டு' என்று அழைத்தன.

பேருக்குத்தான் லட்சம், வீரர்களின் கைக்கு அது வரவில்லை. 1879இல் புகுந்த 'ரிசர்வ்' விதியின்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அதே அணிக்குத்தான் சொந்தம். சம்பளம் பிடிக்காவிட்டால் வீட்டில் உட்காரலாம். வேறு அணிக்குப் போக முடியாது. இந்த வேலியை 1914இல் உடைத்தது ஃபெடரல் லீக் என்னும் போட்டி லீக். விதியை மதிக்காமல் கூடுதல் சம்பளம் காட்டி ஆள் இழுத்தது. மேக்குக்கு மற்றொரு தலைவலியும் சேர்ந்தது: ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணியைப் பார்க்க ஃபிலடெல்ஃபியா மக்கள் சலித்துப்போனார்கள். 1913இல் ஐந்தரை லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் எண்ணிக்கை, லீக்கில் முதலிடம் பிடித்த 1914இலேயே மூன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கியது.

பெண்டரும் மற்றொரு பிட்சரான எடி பிளாங்கும் ஃபெடரல் லீக்குக்குப் போனார்கள். காலின்ஸை மேக் 50,000 டாலருக்குச் சிகாகோவுக்கு விற்றார். பேரி பாஸ்டனின் இன்னோர் அணிக்குப் போனார். சம்பளத் தகராறில் பேக்கர் 1915 முழுக்க அணிக்கு ஆடாமல் இருந்தார்; மறு ஆண்டு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்கப்பட்டார். மிஞ்சியவர்களின் நிலையைச் சொல்ல இரண்டு பிட்சர்களின் பேரில் எழுதப்பட்ட வெற்றி தோல்விக் கணக்கே போதும். 1916இல் ஜாக் நேபர்ஸ் வென்றது 1, தோற்றது 20. டாம் ஷீஹன் வென்றது 1, தோற்றது 16. 1915 முதல் 1921 வரை, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம். வேறு எந்த மேனேஜரும் இரண்டாவது ஆண்டையே கண்டிருக்க மாட்டார்.

ஆனாலும் மேக் எழுந்தார். சிறு லீக்குகள் அன்று சுதந்திரமானவை. ஒவ்வோர் ஊர் அணியும் தனி வியாபாரம். நல்ல வீரனை வளர்ப்பது, விலை படியும்போது பெரிய அணிக்கு விற்பது என்பதே அவற்றின் பிழைப்பு. பால்டிமோரில் ஜாக் டன் இதில் கைதேர்ந்தவர். 1914இல் பேப் ரூத்தைப் பாஸ்டனுக்கு விற்றவரும் அவர்தான். அவரிடமிருந்து மேக் 1924இல் பிட்சர் லெஃப்டி குரோவை 1,00,600 டாலர் கொடுத்து வாங்கினார். ரூத்தைப் பாஸ்டனிடமிருந்து வாங்க யாங்கீஸ் கொடுத்ததைவிட 600 டாலர் அதிகம். மில்வாக்கியிலிருந்து ஆல் சிமன்ஸ் வந்தார். போர்ட்லாந்திலிருந்து கேட்சர் மிக்கி காக்ரன். மேரிலாந்தின் ஈஸ்டன் என்ற சிற்றூர் அணியில் ஆடிய ஜிம்மி ஃபாக்ஸ் என்ற பதினாறு வயதுப் பையனைக் கைகாட்டியவர் அந்த அணியின் மேனேஜர். யார் அவர்? மேக்கோடு சண்டையிட்டு யாங்கீஸுக்கு விற்கப்பட்ட அதே ஃபிராங்க் பேக்கர்.

1929இல் இந்த அணி 104 ஆட்டங்கள் வென்று பட்டம் பெற்றது, 1930இலும் பட்டம். 1931இல் 107 வெற்றி. குரோவ் மட்டும் 31 வென்று 4 தோற்றார். ஆனால் அந்த ஆண்டின் வேர்ல்டு சீரிஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குறுக்கே வந்தது. பெப்பர் மார்ட்டின் என்ற புதியவர் 12 ஹிட் அடித்தார், ஐந்து முறை பேஸ் திருடினார்.

மார்ட்டினை கார்டினல்ஸ் யாரிடமும் விலைக்கு வாங்கவில்லை. தானே வளர்த்த பிள்ளை அவர். பெரிய பணக்கார அணிகளோடு ஏலத்தில் மோத முடியாத அதன் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி, 1919ஐ ஒட்டி வேறு வழி கண்டிருந்தார். ஆர்கன்ஸாவின் ஃபோர்ட் ஸ்மித், டெக்ஸஸின் ஹூஸ்டன் என்று சிறு லீக் அணிகளிலேயே பங்கு வாங்கினார். பழம் விலை ஏறுகிறதா, தோப்பையே வாங்கிப்போடு என்ற கணக்கு. அமெரிக்கர்களும் அதை 'ஃபார்ம்', அதாவது பண்ணை என்றே அழைத்தார்கள். 1940 வாக்கில் கார்டினல்ஸின் பிடியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு அணிகளும் அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்களும் இருந்தனர்.

மேக்கிடம் தோப்பு இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது கடனும் சம்பளப் பட்டியலும்தான் இருந்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கி ஆட்டம் நடத்தவும் சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தடை விலகி ஆட்டம் நடந்தது 1934இல்தான். 1929இல் எட்டு லட்சத்தைத் தாண்டிய கூட்டம் 1933இல் மூன்று லட்சத்தைத் தொடவில்லை. ஷைப் பார்க் மைதானத்தை ஒட்டிய இருபதாம் தெருவில், வீட்டு மொட்டைமாடிகளில் பெஞ்சு போட்டுக் காசுக்கு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில்லறையும் மேக்கின் கண்ணை உறுத்தியது. 1935இல் அந்தப் பக்கத்துச் சுவரை 22 அடி உயர்த்தினார். வயிற்றெரிச்சல் சுவர் என்று தெருக்காரர்கள் பேர் வைத்தார்கள். உள்ளே பார்க்கத் தகுந்தவர்கள் பெரும்பாலும் போன பிறகு எழுந்த சுவர் அது.

சிமன்ஸையும் இன்னும் இருவரையும் 1932இல் ஒரு லட்சம் டாலருக்குச் சிகாகோ வாங்கியிருந்தது. 1933 டிசம்பரில் காக்ரன் டெட்ராய்ட்டுக்கும், குரோவ் பாஸ்டனுக்கும் போனார்கள். 1935இல் ஃபாக்ஸும் பாஸ்டனுக்கே. காக்ரன் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்து டெட்ராய்ட்டுக்கு 1935இல் பட்டம் வாங்கித் தந்தார். அதே 1935 முதல் 1946 வரை பன்னிரண்டு பருவங்களில் அத்லெட்டிக்ஸ் ஒன்பது முறை கடைசி. பெரிய அணிகள் ரிக்கியைப் பார்த்துத் தத்தம் பண்ணைகளுக்கு வேலி போட்டுவிட்டன. விற்ற காசோடு போய் நிற்க ஜாக் டன் போன்ற சந்தைக்காரர்கள் அநேகமாக மிஞ்சவில்லை. விற்ற காசும் கடனுக்கே சரியாய்ப் போனது. மேக்குக்கு வயதாகிவிட்டது என்று பலர் காரணம் சொல்வார்கள். வயது உண்மைதான், ஆனால் அவர் கெட்டிக்காரத்தனமாக வாங்கிய கடைகள் மூடியதே பெரிய காரணம்.

யானை பிறகு ஊர் ஊராக நடந்தது. 1955இல் கான்சஸ் சிட்டி, 1968இல் ஓக்லாந்து. இடையில் அணியை வாங்கிய காப்பீட்டு வியாபாரி சார்லி ஃபின்லி, யானையைத் துரத்திவிட்டுக் கோவேறு கழுதையைச் சின்னமாக்கினார். கழுதையோடு 1972, 73, 74 எனத் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வந்தன. 1975 இறுதியில் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பு ரிசர்வ் விதியை உடைத்தது. வீரர்கள் தாமாகப் போய்விடுவார்கள் என்று கண்ட ஃபின்லி, 1976 ஜூன் 15இல் மேக்கின் வழியில் இறங்கினார். விடா புளூ 15 லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு. ஜோ ரூடியும் ராலி ஃபிங்கர்ஸும் தலைக்குப் பத்து லட்சத்துக்குப் பாஸ்டனுக்கு. பாஸ்டன் அணி அன்று ஓக்லாந்திலேயே இருந்ததால், இருவரும் எதிரணி அறைக்கு நடந்துபோய்ச் சட்டை மாற்றிக்கொண்டார்கள். மூன்று நாளில் பேஸ்பால் ஆணையர் போயி கூன் விற்பனையை ரத்து செய்தார். பருவம் முடிந்ததும் ரூடியும் ஃபிங்கர்ஸும் விடுதலை பெற்று வேறு அணிகளுக்குப் போனார்கள். அவர்களுக்காக ஃபின்லிக்குச் சல்லிக்காசு வரவில்லை. 1977இல் ஓக்லாந்து, அந்த ஆண்டுதான் பிறந்த சியாட்டில் அணிக்கும் கீழே போய்க் கடைசியில் நின்றது. 1979 ஏப்ரலில் ஒருநாள் மைதானத்துக்கு வந்தவர்கள் 653 பேர்.

யானை 1980களில் சட்டைக் கைக்குத் திரும்பியது. 2024 முடிந்ததும் அணி ஓக்லாந்தையும் விட்டது. லாஸ் வேகாஸில் புது மைதானம் எழும்வரை, 2025 முதல் சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறு லீக் மைதானத்தில் ஆடுகிறது. அதே மைதானத்தில் ஆடும் சிறு அணி, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பண்ணை. நியூயார்க்கிலிருந்து இடம்பெயர்ந்த, ஒரு காலத்தில் மெக்ரா நடத்திய, அதே ஜயன்ட்ஸ்.