90 நாளுக்கு ஒருமுறை

தாய்லாந்துச் சட்டத்தில் அந்நியருக்கு ஒரே சொல்தான்: 'கோன் தாங் தாவ்'. இங்கிலாந்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஹுவா ஹின் கடற்கரையில் வீடெடுத்திருப்பவரும் கோன் தாங் தாவ். பர்மாவின் மோன் மாநிலத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து பாங்காக்கை அடுத்த மஹாசாயில் இறால் உரிப்பவரும் கோன் தாங் தாவ். தெருவில் இறங்கியதும் சொல் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. வெள்ளைக்காரர் 'பராங்' ஆகிவிடுகிறார். 'தாங் தாவ்' என்பது பர்மா, லாவோஸ், கம்போடியா நாட்டுத் தொழிலாளரை மட்டும் குறிக்கும் பெயராகச் சுருங்கிவிடுகிறது.

பராங் நமக்கு அந்நியமான சொல் அன்று. நம் 'பரங்கி'யும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இன்னொரு பொருத்தமும் உண்டு. கடல் கடந்து வந்த காய்க்கு நாம் பரங்கிக்காய் என்று பெயர் வைத்தோம். தாய் மக்கள் கடல் கடந்து வந்த கொய்யாவைப் பராங் என்றே அழைக்கிறார்கள். (இந்தியருக்கு அங்கே 'கேக்' என்று பெயர். விருந்தாளி என்று பொருள். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலை பாங்காக் மக்கள் 'வாட் கேக்' என்கிறார்கள்.)

சட்டம் ஒன்றாக்கி, தெரு இரண்டாக்கிய இந்த அந்நியர்கள் தாய்லாந்தின் அரசியலையும் அன்றாட வாழ்வையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை அருகருகே வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றே தோன்றும். பராங்கின் கருத்து அச்சேறும். 'பாங்காக் போஸ்ட்' நாளிதழின் வாசகர் கடிதங்களில் அவர் குரலைப் பல ஆண்டுகளாகக் கேட்கலாம். பர்மியரின் கருத்து தேநீர்க் கடையில் பர்மிய மொழியிலோ மோன் மொழியிலோ பேசப்பட்டு அங்கேயே கரைந்துவிடும். பராங் பேசுவது உடைந்த நடைபாதை, சாலை விபத்து, சியாங் மாயைக் கோடையில் மூடும் புகை, அடிக்கடி மாறும் விசா விதி ஆகியவற்றைப் பற்றி. பர்மியர் பேசுவது கூலி, மேஸ்திரி, தரகு, அடையாள அட்டை ஆகியவற்றைப் பற்றி. ஆனால் இருவருமே நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவதில்லை. இருவர் அரசியலும் அன்றாடக் குறைகளுக்குள் ஒளிந்துதான் வெளிவருகிறது. காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். இமிகிரேஷன் அலுவலகம் வரை போனால் போதும்.

1979-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி நீண்டகாலம் தங்கும் அந்நியர் 90 நாளுக்கு ஒருமுறை தம் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். படிவத்தின் எண் 47. பராங் பெரும்பாலும் தாமே போகிறார். கையொப்பமிட்ட ஜெராக்ஸ் பக்கங்கள், டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பு. கடைசியில் அதிகாரி அடுத்த தேதி குறித்த கையகலச் சீட்டொன்றைப் பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் முள்ளால் தைத்துக் கொடுக்கிறார். விசா பெற்ற பர்மியருக்காகத் தரகரோ கம்பெனி ஆளோ போகிறார். ரப்பர் வளையம் போட்ட பாஸ்போர்ட் கட்டு கவுன்டரில் வைக்கப்படுகிறது. பிரித்தால் உள்ளே ஒவ்வொன்றிலும் அதே கையகலச் சீட்டு.

பராங்குக்கு அந்தச் சீட்டு உறுத்துகிறது. நிபந்தனை ஜாமீனில் வந்தவர் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவதைப் போல அதை உணர்கிறார். 10 ஆண்டு வாழ்ந்து, வரியும் வாடகையும் ஒழுங்காகக் கட்டிய பிறகும் நம்பவில்லையே என்பது அவர் வருத்தம். பர்மியருக்கு அதே சீட்டு காப்பு. அது கையில் இருந்தால், வழியில் போலீஸ் நிறுத்தினாலும் வீடு போய்ச் சேரலாம். ஒரே காகிதம் ஒருவரைச் சிறுமைப்படுத்துகிறது, மற்றவரை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் எதிர்பாராத உறவொன்று தென்படுகிறது. ஓய்வுபெற்ற பராங்குக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். பணம் இருந்தாலும் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் வீடு வாங்கலாம், அதுவும் மொத்தப் பரப்பில் 49 சதவீதத்துக்குள் வந்தால்தான். ஆகவே அவர் கட்டிய வீடு நிற்கும் நிலம் பெரும்பாலும் தாய்லாந்து மனைவியின் பெயரில் இருக்கிறது. பர்மியரின் வேலை அனுமதியோ முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. இருவரும் இன்னொருவர் பெயரின் நிழலில் வாழ்கிறார்கள். அரசியல் கருத்தும் அந்த நிழலில்தான் வளர்கிறது என்பது என் எண்ணம். வடகிழக்கே ஈசான் கிராமத்து மருமகனான பராங்குக்கு அப்பகுதியில் வேரூன்றிய செஞ்சட்டை இயக்கத்தினர் மீது பரிவு இருந்தால், அதில் மாமியார் வீட்டுத் திண்ணைக்குப் பெரும் பங்குண்டு. பாங்காக் வீடொன்றில் சமைக்கும் பர்மியப் பெண் எந்தக் கட்சியைப் பற்றி எப்போது வாய் திறக்கலாம் என்பதை எஜமானியின் முகம் பார்த்தே அறிகிறாள். தாய்க் குடும்பத்தை உள்ளிருந்து பார்க்கும் அந்நியர்கள் இவர்கள்தான்: ஒருவர் மாப்பிள்ளையாகச் சாப்பாட்டுப் பாயில், மற்றவர் அடுக்களையில்.

இராணுவப் புரட்சியைப் பற்றிய கருத்தில் இந்த ஒப்பீடு கூர்மையாகிறது. 2014 மே 22-இல் ஜெனரல் பிரயுத் சான் ஓச்சா ஆட்சியைக் கைப்பற்றினார்; நாடெங்கும் இரவு ஊரடங்கு. ஜூன் 3-இல் முதன்முதலாக விலக்குப் பெற்ற இடங்கள் பட்டாயா, சமுய், புக்கெட். எல்லாம் பராங்குகள் திரளும் ஊர்கள். அதே மாதம், அந்நியத் தொழிலாளரைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்போடியர்கள் லாரிகளில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லைக்கு ஓடினார்கள். பர்மியரின் முறை 2017 ஜூனில் வந்தது. அனுமதியில்லாத அந்நியரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 4 லட்சம் முதல் 8 லட்சம் பாட் வரை அபராதம் என்றது அவசரச் சட்டம். முதலாளிகள் கைவிட, ஆயிரக்கணக்கானோர் எல்லை ஊரான மே சோட் வழியே பர்மாவின் மியாவடிக்குத் திரும்பினர். அபராதப் பிரிவுகளை அரசே பின்னர் ஆண்டு இறுதிவரை நிறுத்திவைத்தது. புரட்சியைப் பற்றி பராங் கடிதம் எழுதினார்; தொழிலாளர் மூட்டை கட்டினார். இரண்டும் கருத்துகளே.

ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதையும் காண்கிறோம். ஆறு மாதத் தெருப் போராட்டத்துக்குப் பின் ஊர் அடங்கியதே என்று ஆறுதல் அடைந்த பராங்குகள் பலர். தம் சொந்த நாட்டில் ஒரு நாளும் பொறுக்க மாட்டாத ஒன்றை, இந்த நாட்டுக்கு இதுதான் சரிப்படும் என்று ஏற்றுக்கொண்டார்கள். 2021 பிப்ரவரி 1-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு தம் நாட்டு இராணுவம் செய்ததைப் பார்த்த பர்மியர் பலருக்கு, தாய்லாந்து ஜெனரல்கள் எவ்வளவோ தேவலை என்று படுகிறது. ஒருவர் மேலிருந்து பார்க்கிறார், ஒருவர் கீழிருந்து பார்க்கிறார், தீர்ப்பு ஒன்றாகிவிடுகிறது. இந்த ஒற்றுமை எனக்கு உவப்பானதன்று. 2010 ஏப்ரல், மே மாதங்களில் செஞ்சட்டைக்காரர் போராட்டத்தை இராணுவம் ஒடுக்கியபோது பாங்காக் தெருக்களில் 90-க்கும் மேற்பட்டோர் மாண்டதை இரு பேச்சும் எளிதாகத் தாண்டிப் போகின்றன. தாய் மக்களோ மறக்கவில்லை. 2023 மே தேர்தலில் அவர்கள் மூவ் ஃபார்வர்ட் கட்சிக்கு 151 இடங்கள் தந்து முதலிடத்தில் வைத்தார்கள். அதன் தலைவர் பீத்தா லிம்ஜாரோன்ராட் பிரதமராக முடியாமல் நியமன மேலவை தடுத்தது. 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் கட்சியையே கலைத்தது.

அந்த 2023 தேர்தலை இரு அந்நியரும் பாட் கணக்கில்தான் பார்த்தார்கள். நாள் கூலி 450 பாட் என்றது மூவ் ஃபார்வர்ட். 2027-க்குள் 600 பாட் என்றது பியூ தாய் கட்சி. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பர்மியருக்கும் பொருந்தும் என்பதால் வாக்கில்லாதவரும் அந்த வாக்குறுதிகளை எண்ணிப் பார்த்தார். பராங் எண்ணிப் பார்ப்பது நாணய மாற்று விகிதத்தை. 2007 வாக்கில் ஒரு பவுண்டுக்கு 70 பாட்டுக்கு அருகில் கிடைத்தது. பிற்காலத்தில் அது நாற்பதுகளுக்கு இறங்கிவிட்டது. தாய்லாந்தில் வாழும் பிரிட்டிஷ் முதியோருக்கு அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதும் இல்லை. பாட் வலுத்தால் அவர் வாடுகிறார். அதே பாட் வலுத்தால், சரிந்துகொண்டே போகும் பர்மிய நாணயமான கியாட்டாக மாற்றி ஊருக்கு அனுப்பும் பர்மியர் சற்றே மூச்சு விடுகிறார். ஒரே நாணயம் ஒருவர் வீட்டில் தேய்பிறை, மற்றவர் வீட்டில் வளர்பிறை.

இருவர் பணத்தின் மீதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அரசுகள் கைவைத்தன என்பது இன்னும் வியப்பு. வெளிநாட்டில் ஈட்டியதை உள்ளே கொண்டுவரும் குடியிருப்பாளர் அதற்கு வரி கட்ட வேண்டும் என்ற விதியை 2024 ஜனவரி முதல் தாய்லாந்து இறுக்கியது. வெளியே வேலை செய்வோர் வருமானத்தில் 25 சதவீதத்தை அரசு வழியாகவே அனுப்ப வேண்டும் என்று பர்மிய இராணுவ அரசு 2023-இல் ஆணையிட்டது. பராங்கைத் தங்கியிருக்கும் நாடு பிடித்தது. பர்மியரை விட்டுவந்த நாடு பிடித்தது.

விலைப் பலகையிலும் இருவருக்கும் பங்குண்டு. காவ் யாய் தேசியப் பூங்காவில் தாய் மக்களுக்கு 40 பாட், அந்நியருக்கு 400. உள்ளூர் விலையைத் தாய் எண்களில் எழுதி வைப்பதைப் பராங் மறக்காமல் குறிப்பிடுவார். தொழிலாளர் கூடுதலாகக் கட்டுவது எந்தப் பலகையிலும் இராது. அது தரகர் கையில் போகும்.

அன்றாடப் பழக்கத்துக்கு வருவோம். பிறர் மனம் கோணக்கூடாதே என்று தம் தேவையைத் தாமே அடக்கிக்கொள்வதைத் தாய் மொழியில் 'கிரெங் ஜாய்' என்பார்கள். பராங் இதைப் பாடமாகப் படிக்கிறார். ஏன் ஒருவரும் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று பத்தாண்டு கழிந்தும் தவிக்கிறார். பர்மியருக்குப் பாடமே வேண்டாம். அவர் மொழியில் 'அனா தே' என்று அதற்கு நிகரான சொல் உண்டு. (நாம் முகதாட்சண்யம் என்போமே, ஏறக்குறைய அதுதான்.) விடியற்காலை பிட்சைக்கு வரும் பிக்குவும் ஏப்ரல் நடுவில் தண்ணீர் ஊற்றும் புத்தாண்டும் அவருக்குச் சொந்த ஊர்க் காட்சிகள். பண்பாட்டில் இவ்வளவு அருகில் இருப்பவரைத்தான் தாய் மக்கள் தள்ளி நிறுத்துகிறார்கள். 1767-இல் பர்மியப் படை அயூத்தியாவை அழித்ததைப் பள்ளிப் பாடம் இன்றும் சொல்கிறது. அந்தப் பழி இறால் உரிக்கும் பெண் மீதும் கொஞ்சம் விழுகிறது. எட்டத்திலிருந்து வந்த பராங்குக்கு அப்படிப்பட்ட பழங்கணக்கு இல்லை.

2020-ஆம் ஆண்டு இருவரையும் ஒரே குற்றச்சாட்டில் நிறுத்தியது. பிப்ரவரியில், முகக்கவசத்தை ஏற்க மறுத்த பராங்குகளை நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்று சுகாதார அமைச்சர் அனுதின் சார்ன்விரகுன் செய்தியாளர் முன் சீறினார். பிறகு தம் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார். 2025 செப்டம்பரில் அவரே பிரதமர் ஆனார். 2020 டிசம்பரில் மஹாசாய் இறால் சந்தையில் தொற்று கண்டபோது பழி பர்மியர் மீது விழுந்தது. சந்தையையும் அதை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பையும் முள்கம்பிச் சுருளால் அடைத்தார்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசிய பெண்கள் கம்பிக்கு உள்ளே நின்று, வெளியிலிருந்து வந்த அரிசியையும் தண்ணீரையும் வாங்கினார்கள். பராங்குக்கு வசை கிடைத்தது. பர்மியருக்குக் கம்பி கிடைத்தது. இந்த ஒரு வேறுபாட்டை மேற்சொன்ன எந்த ஒற்றுமையாலும் ஈடுகட்ட முடியாது.

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதில் மட்டும் இருவரும் மறுபடி கிட்டே வருகிறார்கள். அரச குடும்பத்தை அவமதித்ததாகச் சொல்லும் 112-ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை. பிட்சனுலோக்கில் நெடுங்காலம் பாடம் நடத்திய அமெரிக்கப் பேராசிரியர் பால் சேம்பர்ஸ் 2025 ஏப்ரலில் அதில் கைதானார். வழக்கு கைவிடப்பட்ட பின் நாட்டை விட்டுப் போனார். பர்மியத் தொழிலாளரின் நிலை பற்றிய ஆய்வறிக்கைக்காகப் பேட்டிகள் எடுத்த பிரிட்டிஷ்காரர் ஆண்டி ஹால் மீது பழம் பதப்படுத்தும் ஆலை ஒன்று அவதூறு வழக்குத் தொடுத்தது. 2016-இல் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் கிடைத்த விடுதலையை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. லொப்புரியில் கோழிப்பண்ணையில் உழைத்த 14 பர்மியர்கள் வேலை நிலைமை பற்றி முறையிட்டதற்காக அதே அவதூறுச் சட்டத்தில் நீதிமன்றம் ஏறி, 2018-இல் விடுதலையானார்கள். பராங்கும் பர்மியரும் ஒரே கூண்டில், ஒரே காரணத்துக்காக நின்ற இடம் இது.

ஆகவே தாய்லாந்தைப் பற்றி அந்நியர் சொல்வதைக் கேட்கும்போது, சொல்லாமல் விட்டதையும் கூட்டிக் கேட்க வேண்டும். சட்டத்தை அகலமாக அறிந்தவர் பராங். அதைப் படிக்க அவருக்கு ஓய்வும் மொழிபெயர்ப்பும் உண்டு. சட்டம் எங்கே வெட்டும் என்பதை ஆழமாக அறிந்தவர் பர்மியர். முதலில் யாரைக் கேட்பது என்றால் பர்மியரை என்பேன். ஆவணம் உள்ளவர்கள் மட்டுமே 20 லட்சத்துக்கு மேல் அங்கே உழைத்தும் அவர்கள் கருத்து நம் காதுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து பட்டாயாவுக்கும் புக்கெட்டுக்கும் ஆண்டுதோறும் எத்தனையோ பேர் போய்வருகிறோம். அடுத்த பயணத்தில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பாங்காக் வொங்வியன் யாய் நிலையத்திலிருந்து மஹாசாய்க்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான்.