நாகலிங்க மரமும் கடார நாடும்

நாகலிங்க மரம் தொன்றுதொட்டுத் தமிழ் மண்ணுக்கு உரியது என எண்ணுவோர் பலர். அதன் மலரமைப்பே இவ்வெண்ணத்துக்குக் காரணமாகும். தடித்த ஆறு இதழ்களின் நடுவே மகரந்தத் தாள்கள் படமெடுத்த நாகம்போல் கவிந்திருக்க, அதன்கீழ்ச் சூலகப் பகுதி இலிங்கம்போல் தோன்றும். மணமிக்க இம்மலர்கள் அடிமரத்தினின்று தொங்கும் நீண்ட காம்புகளில் பூப்பன. காயோ பீரங்கிக் குண்டை ஒத்தது. பழுத்து உடைந்தால் முடைநாற்றம் வீசும்.

எனினும், இதன் தாயகம் தென்னமெரிக்கா ஆகும். பிரெஞ்சு அறிஞர் ஓப்ளே 1775-இல் இதற்குத் தாவரவியற் பெயரிட்டார். இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்த காலத்தில் தமிழர் இம்மரத்தை அறிந்திருத்தல் இயலாது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததே 1492-இல்தான்.

அக்கடாரமே இன்றைய கெடா. அங்குச் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் பால் வெட்டிய இரப்பர் மரமும் தென்னமெரிக்காவினதே. 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் சென்ற விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. ஆக, ஒரே கண்டத்து மரங்களுள் ஒன்று தமிழர்க்குக் கூலி தந்தது. மற்றொன்று வழிபாட்டு மலர் தந்தது.

கடல் கடந்து வந்தது என்னும் உண்மையால் நாகலிங்கத்தின் பெருமை குன்றாது. கடல் கடந்து வந்து வேரூன்றிய கெடாத் தமிழர் இதனை நன்குணர்வர்.