கப்பல் சங்கின் குரல்

கோவையிலோ மதுரையிலோ பஞ்சாலைக்கு அருகே வளர்ந்து, இன்று மும்பையிலோ தில்லியிலோ வாழும் நேயர்களுக்கு, “மில்லில் சங்கு ஊதிவிட்டது” என்னும் பேச்சு நினைவிருக்கும். பெருங்கப்பல்களின் புகைபோக்கியில் பொருத்தப்பட்டிருந்த நீராவி விசிலுக்கும் அந்தச் சொல்லையே ஆள விரும்புகிறேன். மொழிபெயர்ப்பே என் தொழில். ‘ஊதல்’ என்று எழுதிப் பார்த்தேன். திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் பொருள்தான் கண்முன் வந்தது.

அட்லாண்டிக் கடலைக் கடந்த பழைய பெருங்கப்பல்கள் பெரும்பாலும் உடைத்து விற்கப்பட்டன. சிலவற்றின் சங்குகள் மட்டும் தப்பின. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பதா, ஊதிக் காப்பதா என்பதே கேள்வி.

சங்கின் அமைப்பு எளியது. கவிழ்த்த மணி போன்ற ஓர் உலோகக் குழல். அதன் விளிம்புக்குக் கீழே வட்டமாக ஒரு மெல்லிய பிளவு. பிளவின் வழியே சீறிவரும் நீராவி விளிம்பில் மோத, குழலின் உட்புறம் அதிர்ந்து ஒலிக்கிறது. புல்லாங்குழலின் தத்துவமே இது. குழல் நீண்டால் சுருதி தாழும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. ஒலி, காற்றைக் காட்டிலும் சூடான நீராவியில் விரைந்து செல்லும். ஆகவே நீராவிக்கென்று செய்த சங்கைக் காற்றால் ஊதினால் சுருதி இறங்கிவிடும். பொருள் பழையதுதான், குரல் பழையதன்று.

1912-இல் மூழ்கிய ‘டைட்டானிக்’கின் சங்குகள் 1993-இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. 1999 பிப்ரவரியில், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள செயின்ட் பால் என்னும் அமெரிக்க நகரில், திரளான மக்கள் முன்னிலையில் அவை ஒலித்தன. எண்பது ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த உலோகத்தை மீண்டும் மீண்டும் சோதிப்பது தகாது. அதில் எனக்கு ஐயமில்லை.

‘குவீன் மேரி’யின் கதை வேறு. 1936-இல் முதற் பயணம் புறப்பட்ட அக்கப்பலின் மூன்று சங்குகளும் தகடு அதிரும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. நொடிக்கு 55 அதிர்வு என்னும் மந்தர சுருதியில், பத்து மைலுக்கும் கேட்குமாறு அவை ஒலித்தன. அவ்வளவு பெரிய ஓசை பிரயாணிகளின் செவியை வருத்தக்கூடாது என்றே அத்தனை தாழ்ந்த சுருதியைத் தேர்ந்தார்களாம். 1967 முதல் கலிபோர்னியாவின் லாங் பீச் துறையில் நிலைகொண்டுவிட்ட அக்கப்பலின் சங்கொன்று, 2004-இல் பயணம் தொடங்கிய ‘குவீன் மேரி 2’-க்கு இரவலாகத் தரப்பட்டது. அதை இப்போது ஊதுவது நீராவியன்று, அழுத்திய காற்று. 2006 பிப்ரவரியில் புதிய கப்பல் அத்துறைக்கு வந்து சங்கொலி எழுப்பியபோது, பழைய கப்பல் தன்னிடம் வேலை செய்யும் நிலையில் எஞ்சியிருந்த ஒரே சங்கால் மறுமொழி கூறிற்று.

மெய்யான நீராவியோடு ஒலித்தது பிரெஞ்சுக் கப்பலான ‘நார்மண்டி’யின் சங்கு. 1935-இல் முதற் பயணத்திலேயே அட்லாண்டிக்கை நான்கு நாளும் சில மணியுமாகக் கடந்து புகழ்பெற்ற அக்கப்பல், 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் தீப்பற்றியது. தீயணைக்கப் பாய்ச்சிய நீரின் பாரமே அதைக் கவிழ்த்தது. போர் முடிந்தபின் இரும்புக்கு உடைத்தார்கள். அதன் சங்கு, புரூக்ளினிலுள்ள பிராட் கல்விக்கூடத்தில், ஆண்டின் கடைசி இரவில் மற்றப் பழைய சங்குகளோடு சேர்ந்து ஊதலாயிற்று. அங்கே பழைய நீராவி எந்திரங்களைப் பேணிவந்த தலைமைப் பொறியாளர் 1965-இல் தொடங்கிய வழக்கம் அது. நள்ளிரவில் வெண்முகில் போல் ஆவி எழும். அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து கேட்பார்கள்.

2014-ஆம் ஆண்டின் இறுதி இரவோடு அவ்வழக்கம் நின்றது. சங்கைக் காப்பதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி போதும். அதன் குரலைக் காப்பதற்குக் கொதிகலனும் வேண்டும். அதைக் காய்ச்சி, அழுத்தம் பார்த்து, அளவறிந்து வால்வைத் திறக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இன்றைய கப்பல்கள் டீசலாலும் வாயுச் சுழலியாலும் ஓடுகின்றன. அந்த வேலையைக் கற்பிக்கும் இடமாக இனி அவை இருக்க இயலாது.