கருக்கலைப்புச் சட்டமும் கல்லூரிப் பெண்ணும்

படிக்கிற பெண் கர்ப்பமானால் முதலில் பயப்படுவது ஊருக்குத்தான், உடம்பெல்லாம் அப்புறம். சட்டமும் வெகுகாலம் ஊர் பக்கமே நின்றது.

1860-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை என்றது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான்! மறைவில் நடந்த கருக்கலைப்புகளில் உயிர்கள் போயின. 1964-ல் அமைந்த சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைப்படி 1971-ல் மருத்துவ முறை கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கருத்தடை முறை தவறினால் கலைக்கலாம் என்ற விளக்கத்தில் ‘மணமான பெண் அல்லது அவள் கணவர்’ என்றே எழுதியிருந்தார்கள். மணமாகாதவள் வேறு காரணம் காட்ட வேண்டும். 2021 திருத்தம்தான் கணவரைத் ‘துணைவர்’ ஆக்கியது... 50 வருடம் கழித்து! அப்போதும் 20 முதல் 24 வாரம் வரை அனுமதி பெறுவோர் பட்டியலில் மணமாகாதவர் இல்லை. துணைவர் கைவிட்ட 25 வயதுப் பெண்ணுக்கு 2022 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் மறுத்தது. உச்ச நீதிமன்றம் அதே மாதம் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடு அனுமதித்து, செப்டம்பர் 29 அன்று அந்தப் பேதமே செல்லாது என்று தீர்ப்பளித்தது.

திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் பஸ் ஏறிக் கல்லூரி போகும் பெண்ணுக்கும் இதே சட்டம்தான். 18 வயது நிரம்பியிருந்தால் அவள் கையெழுத்து மட்டும் போதும். அப்பா, அம்மா, கணவர் யாருடையதும் வேண்டாம். பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. இது தெரியாமல் பயத்திலும் பணமில்லாமலும் வாரங்களைக் கடத்திவிட்டு, கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. ரத்தப்போக்கு நிற்காத பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அதுவும் கூட வந்தவளைச் சித்தி மகள் என்று சொல்லிக்கொண்டு.