தாராவி: கேட்கப்படாத சம்மதம்

ஒரு குடியிருப்பை இடித்துக் கட்டும்போது அங்கே வாழ்கிறவர்களைக் கேட்பது மரியாதைக்காகச் செய்யும் சடங்கு அல்ல. அந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை உண்டா என்பதுதான் அதிலுள்ள கேள்வி.

மும்பைத் தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம் ஆதிதிராவிட மக்கள் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்தார்கள். சதுப்பை மேடாக்கிக் குடியேறினார்கள். கீழே கடை அல்லது பட்டறை, மேலே வீடு. பிழைப்பும் இருப்பும் ஒரே சுவருக்குள்.

1985இல் பிரதமர் நிதித் திட்டம் வந்தது. ஜோக்கின் அற்புதம் போன்றோரின் அமைப்புகள் சந்து சந்தாகச் சென்று தாங்களே கணக்கெடுத்தன. அரசு சொன்னதைவிட மக்கள் அதிகம் இருந்தார்கள். கணக்கிலேயே இல்லாதவரை யார் கேட்பார்கள்?

பிறகு வந்த குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2004இல் ஒப்புதல் பெற்ற தாராவித் திட்டத்துக்கு அது பொருந்தாது என்றார்கள். அரசே நடத்தும் திட்டமாம். மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

2022இல் விடப்பட்ட ஒப்பந்தத்தின்படி, 2000 ஜனவரி 1க்குப் பின் வந்தோருக்கும் மேல்மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு. வீடு வெளியே போனால் பட்டறை வேலை என்னாகும்?

வாசலில் நின்று ஆவணம் கேட்பது கருத்துக் கேட்பதாகாது. வரைபடம் போடும் முன்பே கேட்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரையும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அது செல்ல வேண்டும்.